டிக்கன்ஸின் புகழ்பெற்ற வரிகள்: சொன்னவர் யார், அதற்கு அடுத்த வரி என்ன?

தேர்தல் முடிவானாலும் பொருளாதாரச் சரிவானாலும், “அது மிகச் சிறந்த காலம், அது மிக மோசமான காலம்” என்று கட்டுரையைத் தொடங்குவது உலகெங்கும் பத்திரிகை வழக்கமாகிவிட்டது. நீதிமன்றத் தீர்ப்பைக் குறை சொல்ல வேண்டுமென்றால் “சட்டம் ஒரு கழுதை” என்ற வரி வந்துவிடும். சேமிப்பைப் பற்றி அறிவுரை சொல்ல வேண்டுமென்றால் இருபது பவுண்டு வருமானக் கணக்கு வரும். இவற்றின் கீழே “சார்லஸ் டிக்கன்ஸ்” என்ற ஆங்கில நாவலாசிரியரின் பெயர் மட்டும் இருக்கும். எந்த நாவல், எந்தப் பாத்திரம், யாரிடம், எந்த நிலையில் என்பது எதுவும் இருக்காது. அதனால் படிப்பவருக்கு நியாயமான குழப்பம் ஏற்படுகிறது. குழந்தைகளுக்குத் தகவல்களைத் தவிர வேறெதையும் கற்பிக்காதீர்கள் என்று சொன்னவரும், ஏழைகள் சாவதானால் சாகட்டும் என்று எழுதியவரும், தெருவில் செத்த சிறுவனுக்காக அரசியையே கூப்பிட்டுக் கேள்வி கேட்டவரும் ஒரே மனிதர்தானா?

மூன்றையும் எழுதியவர் ஒருவரே. ஆனால் முதல் இரண்டும் அவருடைய கருத்துகள் அல்ல. டிக்கன்ஸின் வரிகளில் பெரும்பாலானவற்றின் பொருள், அதைச் சொல்லும் பாத்திரத்தின் யோக்கியதையையும், சொல்லி முடித்த கையோடு அவர் செய்யும் காரியத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் துலங்கும். வெட்டி எடுத்துத் தனியே வைத்தால் சில வரிகள் நேர் எதிரான பொருளைத் தரத் தொடங்கிவிடுகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நாவலுக்குள் பேசுவது யார்?

டிக்கன்ஸ் 1812-இல் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார், 1870-இல் மறைந்தார். விக்டோரியா அரசி பட்டத்துக்கு வந்த 1837-ஆம் ஆண்டில்தான் அவருடைய முதல் நாவலான ‘பிக்விக் பேப்பர்ஸ்’ தொடராக வந்து முடிந்தது. அவருடைய நாவல்களில் மூன்று வகைக் குரல்களை நாம் பிரித்தறிய வேண்டும்.

1. கதைசொல்லியின் குரல். ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நாவலின் தொடக்கம் இந்த வகை. ஆசிரியரின் கருத்துக்கு மிக அருகில் இருப்பது இதுவே. ஆனாலும் பிறர் பேச்சை வாங்கிப் பேசிக் காட்டும் பழக்கம் இந்தக் குரலுக்கு உண்டு.

2. பாத்திரத்தின் குரல். பின்னால் நாம் சந்திக்கப்போகும் ஸ்க்ரூஜ், பம்பிள், கிராட்கிரைண்ட் ஆகியோர் பேசுவது. இவர்களில் பலர் டிக்கன்ஸ் எதிர்த்துப் போராடிய கருத்துகளின் வாயாகப் படைக்கப்பட்டவர்கள்.

3. தன் கதையைத் தானே சொல்லும் பாத்திரத்தின் குரல். ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலின் டேவிட்டும், ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் பிப்பும் வளர்ந்த பிறகு தம் இளமையைத் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்கள். எனவே ஒரே வரியில் அன்றைய சிறுவனின் அறியாமையும் இன்றைய பெரியவரின் தெளிவும் சேர்ந்தே இருக்கும்.

வரிகள் ஏன் மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன?

டிக்கன்ஸின் நாவல்கள் முதலில் முழு நூலாக வரவில்லை. ‘பிக்விக்’ 32 பக்கம், 2 படங்கள், ஒரு ஷில்லிங் விலை என்ற அளவில் மாதம் ஒரு பகுதியாக வந்தது. மொத்தம் 20 பகுதிகள், கடைசி இரண்டும் சேர்ந்து ஒரே இதழ். ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’, ‘ப்ளீக் ஹவுஸ்’ போன்றவையும் இப்படியே வந்தன. ‘ஹார்ட் டைம்ஸ்’, ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’, ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ ஆகியவை அவரே நடத்திய வார இதழ்களில் வந்தவை. ஒரு பாத்திரம் மே மாதம் தலைகாட்டிவிட்டு ஆகஸ்ட் மாதம் திரும்பி வரும்போது, வாசகர் அவரை உடனே அடையாளம் காண வேண்டும். அதற்கு டிக்கன்ஸ் கண்ட வழி, ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சுமுறையையும் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொற்றொடரையும் கொடுத்துவிடுவது. “ஏதாவது ஒன்று வந்து வாய்க்கும்” என்றால், ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலின் மிக்காபர். பணிவைப் பறைசாற்றிக்கொண்டே இருந்தால் அதே நாவலின் யூரியா ஹீப்.

இன்னொரு காரணம் அவருடைய காது. நாவலாசிரியர் ஆவதற்கு முன் அவர் சுருக்கெழுத்து கற்று, நீதிமன்றங்களிலும் பின்னர் நாடாளுமன்றத்திலும் மனிதர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதி எடுத்த நிருபர். வக்கீலின் இழுவை, உறுப்பினரின் ஆரவாரம், குமாஸ்தாவின் குழைவு எல்லாம் அவருக்கு ஒலியாகவே நினைவிருந்தன. 1858 முதல் தம் படைப்புகளை மேடையில் கட்டணத்துக்கு வாசிக்கவும் தொடங்கினார். வாய்விட்டுப் படித்தால் எடுபட வேண்டும் என்ற கணக்கு அவருடைய வாக்கியங்களில் தொடக்கம் முதலே இருக்கிறது. மேற்கோளாக வெட்டி எடுப்பதற்கு இந்த வரிகள் இவ்வளவு வசதியாக இருப்பதற்கும் காரணம் அதுவே.

இருபது பவுண்டு கணக்கு

மிக அதிகமாகப் பயன்படுவதும் மிக அதிகமாகப் பொருளை இழப்பதும் மிக்காபரின் வரி என்பது என் மதிப்பீடு. அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

“ஆண்டு வருமானம் இருபது பவுண்டு, ஆண்டுச் செலவு பத்தொன்பது பவுண்டு பத்தொன்பது ஷில்லிங் ஆறு பென்ஸ், விளைவு, மகிழ்ச்சி. ஆண்டு வருமானம் இருபது பவுண்டு, ஆண்டுச் செலவு இருபது பவுண்டு ஆறு பென்ஸ், விளைவு, துயரம்.” இது ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலின் 12-ஆம் அத்தியாயத்தில் வருகிறது.

அன்றைய நாணயக் கணக்கு தெரிந்தால்தான் இதன் கூர்மை புரியும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இருபது பவுண்டு என்பது 4,800 பென்ஸ். மகிழ்ச்சியானவர் 4,794 பென்ஸ் செலவழிக்கிறார். துயரப்படுபவர் 4,806 பென்ஸ். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு ஷில்லிங். நிதி ஆலோசகர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாவல் நிறுத்தவில்லை.

இதே அறிவுரையை மிக்காபர் முந்தைய அத்தியாயத்திலேயே ஒரு முறை சொல்லிவிட்டார். கடனைத் திருப்பித் தராதவர்களை அடைக்கும் சிறையில் அவர் இருக்கிறார். பார்க்க வந்த சிறுவன் டேவிட்டிடம், என்னைப் பார்த்து எச்சரிக்கையாக இரு என்று கண்ணீரோடு இந்தக் கணக்கைச் சொல்கிறார். சொல்லி முடித்த அடுத்த வாக்கியத்திலேயே, பீர் வாங்குவதற்காக அந்தச் சிறுவனிடம் ஒரு ஷில்லிங் கடன் வாங்குகிறார். அந்தத் தொகையை மனைவியிடம் பெற்றுக்கொள்ளும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார். கைக்குட்டையை உள்ளே வைத்துவிட்டு உற்சாகமாகிவிடுகிறார். கிடங்கில் வேலை செய்யும் அந்தச் சிறுவனுக்கு வாரக் கூலி ஆறு அல்லது ஏழு ஷில்லிங். அதாவது, மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் இடையே உள்ள அந்த ஒரு ஷில்லிங், ஒரு குழந்தையின் ஏறத்தாழ ஒரு நாள் கூலியாக அவன் கையிலிருந்து போகிறது. 12-ஆம் அத்தியாயத்திலும், கணக்கைச் சொல்லி முடித்ததும் மிக்காபர் ஒரு கோப்பை பஞ்ச் பானத்தை மிகுந்த திருப்தியோடு குடித்துவிட்டுச் சீட்டியடிக்கிறார்.

ஊருக்கு உபதேசம் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. விதி தெரியாததால் மனிதர்கள் கடனில் விழுவதில்லை, விதியைத் துல்லியமாகத் தெரிந்தவரும் விழுவார் என்பதுதான் டிக்கன்ஸ் இங்கே காட்டுவது. இது அவருடைய சொந்த வீட்டு அனுபவம். தந்தை ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. 1824-இல் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயது சார்லஸ், ஷூ பாலிஷ் தயாரிக்கும் ஒரு தொழிற்கூடத்தில் வாரம் ஆறு ஷில்லிங்குக்குப் புட்டிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். சிறையில் தந்தை தம்மிடம் சொன்ன அறிவுரை இந்த இருபது பவுண்டு கணக்கேதான் என்று டிக்கன்ஸ் தம் நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதி வைத்தார். டிக்கன்ஸ் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அது வெளியானது. சேமிப்பு அறிவுரையாக இன்று அச்சாகும் வரி, தந்தையை நேசித்துக்கொண்டே அவரால் காயப்பட்ட ஒரு மகனின் நினைவு. அந்த நேசத்தையும் காயத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கழித்தல் கணக்கு.

சிறந்த காலம், மோசமான காலம்

‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ 1859-இல் வந்தது. கதை தொடங்குவது 1775-இல். முதல் வாக்கியம் பதினான்கு சிறு தொடர்களை அடுக்குகிறது. அறிவின் யுகம், மடமையின் யுகம். நம்பிக்கையின் வசந்தம், விரக்தியின் குளிர்காலம். எல்லோரும் நேரே சொர்க்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், எல்லோரும் நேரே எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தோம் என்று அது நீள்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் முதல் இரண்டு தொடர்களையே எடுக்கிறார்கள். ஒரே காலத்தில் நன்மையும் தீமையும் உச்சத்தில் இருந்தன என்ற செய்தியாக அது புரிந்துகொள்ளப்படுகிறது.

ஆனால் வாக்கியம் இப்படி முடிகிறது: சுருங்கச் சொன்னால், அந்தக் காலம் இந்தக் காலத்தைப் போலவே இருந்தது, எந்த அளவுக்கு என்றால், அதிகமாகச் சத்தம் போட்ட அதன் பெரிய மனிதர்களில் சிலர், நல்லதோ கெட்டதோ, அதை உச்சச் சொற்களால் மட்டுமே பேச வேண்டும் என்று வற்புறுத்தினார்கள்.

இந்த முடிவு முன்னே வந்த அத்தனை தொடர்களின் நிறத்தையும் மாற்றிவிடுகிறது. “மிகச் சிறந்த”, “மிக மோசமான” என்பவை கதைசொல்லியின் தீர்ப்புகள் அல்ல. சத்தம் போட்டவர்களின் பேச்சை அவர் அடுக்கிக் காட்டுகிறார். ஆங்கிலத்தில் ஒப்பீட்டின் உச்சநிலையைக் குறிக்க இலக்கணத்தில் ஒரு தனி வடிவமே உண்டு. டிக்கன்ஸ் அந்த இலக்கணச் சொல்லையே அங்கே பயன்படுத்துகிறார். தமிழில் அப்படிப்பட்ட தனி விகுதி இல்லாததாலும், “மிக” என்பது நமக்கு அன்றாடச் சொல் என்பதாலும், மொழிபெயர்ப்பில் இந்தச் சாடல் எளிதில் நழுவிப்போகிறது. இன்றைய நாட்களைப் போல முன்பு எப்போதும் இருந்ததில்லை என்று முழங்கும் கட்டுரையின் முகப்பில் இந்த வரியை வைப்பது, அந்தக் கட்டுரையையே கண்டிக்கும் வரியை அதன் நெற்றியில் எழுதுவதாகும்.

சட்டத்தைக் கழுதை என்றவர்

‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1837 முதல் 1839 வரை மாத இதழ் ஒன்றில் வந்தது. அதன் 51-ஆம் அத்தியாயத்தில்தான் இந்த வரி வருகிறது. சொல்பவர் பம்பிள், ஏழைகளை அடக்கி ஆண்ட உள்ளூர்த் திருச்சபை அதிகாரி, அநாதைகளுக்கு அகர வரிசைப்படி பெயர் சூட்டி ஆலிவருக்கு ‘ட்விஸ்ட்’ என்ற பெயரை வைத்தவர். ஆலிவரின் தாய் விட்டுச்சென்ற நகைகளை மறைத்த குற்றத்தில் அவரும் அவர் மனைவியும் பிடிபடுகிறார்கள். எல்லாம் மனைவியின் வேலை என்கிறார் பம்பிள். சட்டத்தின் பார்வையில் இருவரில் நீதான் பெரிய குற்றவாளி, ஏனென்றால் மனைவி கணவனின் சொற்படி நடப்பதாகச் சட்டம் அனுமானிக்கிறது என்று அவருக்குப் பதில் சொல்லப்படுகிறது. அதற்குத்தான், “சட்டம் அப்படி அனுமானித்தால், சட்டம் ஒரு கழுதை, ஒரு முட்டாள்” என்கிறார். சட்டத்துக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலும், அனுபவத்தால் அதன் கண் திறக்கட்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் இரண்டு உண்மைகளை ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1. பேசுபவர் தப்பிக்கப் பார்க்கும் கயவர். ஏழைகள் மீது அதே சட்டம் பாய்ந்தபோது அவருக்கு அது கழுதையாகத் தெரியவில்லை. தன் மீது திரும்பிய பிறகே தெரிகிறது. நாவலின் முடிவில் கணவனும் மனைவியும் தாங்கள் ஆட்டிப்படைத்த அதே விடுதியில் ஏழைகளாக ஒடுங்குகிறார்கள்.

2. அவர் குறை சொல்லும் அனுமானம் உண்மையிலேயே கேடானது. கணவன் முன்னிலையில் மனைவி செய்த குற்றத்துக்குக் கணவனின் வற்புறுத்தலே காரணம் என்ற அனுமானம் இங்கிலாந்தில் 1925-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது. திருமணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட இருப்பு இல்லை என்ற கோட்பாட்டின் கிளை அது. அதே கோட்பாட்டின் பெயரால்தான் மனைவியின் சொத்தும் சம்பளமும் கணவனுடையவை ஆயின. 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே அதை மாற்றின.

ஆங்கில மூலத்தில் பம்பிள் இலக்கணப் பிழையோடு பேசுகிறார். தமிழில் அது தெரிய வழியில்லை. சட்டத்தைக் கழுதையோடு ஒப்பிடுவதும் டிக்கன்ஸின் கண்டுபிடிப்பு அல்ல. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாடகம் ஒன்றில் அது முன்பே இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி டிக்கன்ஸ் தாமே என்ன நினைத்தார் என்று அறிய விரும்புபவர், பம்பிளை விட்டுவிட்டு ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலுக்குப் போக வேண்டும். “ஆங்கிலச் சட்டத்தின் ஒரே பெருங்கொள்கை, தனக்குத்தானே தொழிலை உண்டாக்கிக்கொள்வது” என்ற வரி அங்கே கதைசொல்லியின் குரலில் வருகிறது. சொத்து வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றத்தில் தலைமுறைகளாக நடக்கும் ஜார்ண்டிஸ் வழக்கு, சொத்து முழுவதையும் வழக்குச் செலவே விழுங்கித் தீர்த்த பிறகு தானாக முடிகிறது. அந்த நீதிமன்றத்தின் வாசலை டிக்கன்ஸ் தாமே மிதித்திருந்தார். ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ கதையைத் திருடி அச்சிட்டவர்கள் மீது 1844-இல் வழக்குப் போட்டு வென்றார். எதிரிகள் திவாலாகிவிட்டதால், சுமார் 700 பவுண்டு செலவு வென்றவர் தலையிலேயே விழுந்தது.

ஸ்க்ரூஜின் வரியும் அதன் எதிரொலியும்

‘எ கிறிஸ்மஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது. கிறிஸ்மஸுக்கு முந்தைய நாளுக்குள் 6,000 படிகள் விற்றுத் தீர்ந்தன. ஏழைகளுக்கு நிதி திரட்ட வந்தவர்களிடம் அதன் நாயகனான கஞ்சப் பணக்காரர் ஸ்க்ரூஜ் கேட்கிறார்: “சிறைகள் இல்லையா? ஏழையர் விடுதிகள் இல்லையா?” பலர் அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்பார்கள் என்று பதில் வந்ததும், “சாவதே மேல் என்றால் செத்து, உபரி மக்கள்தொகையைக் குறைக்கட்டும்” என்கிறார்.

இரண்டு சொற்களுக்கு விளக்கம் வேண்டும். ஏழையர் விடுதி என்பது, 1834-இன் ஏழையர் சட்டப்படி உதவி கேட்பவர்களை வைத்து வேலை வாங்கிய இடம். வெளியே உழைக்கும் மிகக் கீழ்நிலைத் தொழிலாளியின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பவரின் வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. கணவன், மனைவி, பிள்ளைகள் பிரித்து வைக்கப்பட்டார்கள். உபரி மக்கள்தொகை என்பது, உணவைவிட மக்கள் வேகமாகப் பெருகுவார்கள் என்று 1798-இல் தாமஸ் மால்தஸ் எழுதியதிலிருந்து கிளைத்த பேச்சு. ஸ்க்ரூஜ் தனிப்பட்ட கஞ்சத்தனத்தால் மட்டும் பேசவில்லை. தம் காலத்தின் மதிப்புமிக்க பொருளாதாரக் கருத்தைத்தான் சொல்கிறார். அதுதான் டிக்கன்ஸைக் கொதிக்கவைத்தது. அந்த ஆண்டு வெளிவந்த, குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துவிட்டு முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுத நினைத்தவர், கதையாக எழுதினால் இருபது மடங்கு வலிமையோடு தாக்கும் என்று முடிவு செய்தார்.

தாக்கும் முறையைக் கவனியுங்கள். கதையின் நடுவில், ஊன்றுகோலோடு நடக்கும் சிறுவன் டைனி டிம் பிழைப்பானா என்று ஸ்க்ரூஜ் பதறிக் கேட்கிறார். அவரைத் திருத்த வந்து பக்கத்தில் நிற்கும் ஆவி சொல்கிறது: “அவன் சாவதானால் செத்து, உபரி மக்கள்தொகையைக் குறைக்கட்டும்.” தம் சொற்களே திரும்பி வருவதைக் கேட்டு அவர் தலைகுனிகிறார். பிறகு அறியாமை, வறுமை என்று பெயரிடப்பட்ட இரண்டு எலும்பும் தோலுமான குழந்தைகளைக் கண்டு, இவர்களுக்குப் போக்கிடம் இல்லையா என்று அவர் கேட்கும்போது, “சிறைகள் இல்லையா? ஏழையர் விடுதிகள் இல்லையா?” என்று அதே ஆவி மறுபடியும் திருப்பிக் கொடுக்கிறது. எண்ணிக்கையாக இருந்த ‘உபரி’ ஒரு குழந்தையின் முகமாகிறது. முதல் முறை வரும் வரியை மட்டும் மேற்கோள் காட்டுவது அம்பை விட்டுவிட்டு வில்லை மட்டும் காட்டுவதாகும்.

ஆலிவரின் “ஐயா, எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்” என்ற வரியும் இதே சட்டத்தின் நிழலில் பிறந்ததுதான். நாளுக்கு மூன்று வேளை நீர்க்கஞ்சி, வாரத்தில் இரண்டு முறை வெங்காயம், ஞாயிறன்று அரை ரொட்டி. கிண்ணங்களைக் கழுவவே தேவைப்படவில்லை. சிறுவர்கள் கரண்டியால் சுரண்டியே அவற்றைப் பளபளப்பாக்கினார்கள். ஆலிவர் துணிச்சலால் எழுந்து கேட்கவில்லை. பசி தாங்காமல் சிறுவர்கள் சீட்டுப் போட்டார்கள்; சீட்டு அவன் பெயருக்கு விழுந்தது. இன்று அதைத் தனிமனிதத் துணிவின் வரியாகப் பேசும்போது, கூட்டமாகப் பசித்த மற்றப் பிள்ளைகள் மறைந்துபோகிறார்கள்.

தகவல்கள் மட்டும்

“எனக்கு வேண்டியது தகவல்கள். இந்தச் சிறுவர் சிறுமியருக்குத் தகவல்களைத் தவிர வேறெதையும் கற்பிக்காதீர்கள்” என்பது 1854-இல் வந்த ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலின் தொடக்கம். பேசுபவர் பள்ளியை நடத்தும் கிராட்கிரைண்ட். நாவல் முழுவதும் இந்த ஒரு வரிக்கான பதில். குதிரைகளோடு வளர்ந்த சர்க்கஸ் சிறுமி சிஸிக்குக் குதிரைக்கு வரையறை சொல்லத் தெரியவில்லை. குதிரையின் பற்களை எண்ணிக்கையோடு ஒப்பிக்கும் பிட்ஸர் பாராட்டுப் பெறுகிறான். முடிவில், திருடிவிட்டு ஓடும் தம் மகனை விட்டுவிடும்படி கிராட்கிரைண்ட் அதே பிட்ஸரிடம் மன்றாடி, உனக்கு இதயம் இல்லையா என்று கேட்கிறார். இதயம் இல்லாமல் இரத்த ஓட்டம் நடக்காது ஐயா என்று அவன் பாடப் புத்தகப் பதிலைச் சொல்கிறான். தன் படிப்புக்குக் கட்டணம் கட்டப்பட்டது, அது ஒரு பேரம், படிப்பு முடிந்ததும் பேரமும் முடிந்தது என்கிறான். ஆசிரியர் விதைத்ததையே மாணவன் அவருக்கு அறுத்துக் கொடுக்கிறான்.

சொல்லப்படாத கடைசிச் சொற்கள்

“நான் இப்போது செய்வது, இதுவரை நான் செய்த எதையும்விட மிக மிக மேலான செயல்” என்பது, நண்பனுக்குப் பதிலாகக் கில்லட்டினில் தலைகொடுத்த சிட்னி கார்ட்டன் மரண மேடையில் சொன்ன வரியாகவே உலகம் அறிந்திருக்கிறது. ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நாவலில் கார்ட்டன் அதைச் சொல்வதே இல்லை. அவர் தம் எண்ணங்களை வெளியிட்டிருந்தால், அவை வருங்காலத்தைக் காணும் வல்லமை பெற்றிருந்தால், இப்படித்தான் இருந்திருக்கும் என்று கதைசொல்லி முன்னுரை சொல்லிவிட்டுத்தான் அந்தப் பத்திகளைத் தருகிறார். ஊரார் பார்த்தது ஓர் அமைதியான முகத்தை மட்டுமே. வீணாக வாழ்ந்த ஒருவரின் ஒரே பெருஞ்செயலுக்குச் சாட்சி இல்லை, மேடைப் பேச்சும் இல்லை. சொல்லாத சொல்லை நமக்கு மட்டும் கேட்கச் செய்கிறார் டிக்கன்ஸ். நாடகத்திலும் திரைப்படத்திலும் வாய்விட்டுச் சொல்லவைக்கும்போது இந்த மௌனம் போய்விடுகிறது.

டிக்கன்ஸ் தாமே முன்வரும் இடம்

எல்லா வரியும் பாத்திரத்தின் முகமூடிக்குப் பின்னால் நிற்பதில்லை. ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலில், தெருச் சந்தியைப் பெருக்கிப் பிழைக்கும் ஜோ என்ற அநாதைச் சிறுவன் நோயால் சாகிறான். மருத்துவர் சொல்லச் சொல்ல, தனக்குப் பொருள் தெரியாத ஒரு பிரார்த்தனையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்து, அது முடிவதற்குள் உயிரை விடுகிறான். அந்தக் கணத்தில் கதைசொல்லி கதையை விட்டுத் திரும்பி நம் பக்கம் பார்க்கிறார்.

“இறந்துவிட்டான், மாட்சிமை பொருந்திய அரசியே. இறந்துவிட்டான், பிரபுக்களே, கனவான்களே.” மத குருமார்களையும், நெஞ்சில் இரக்கத்தோடு பிறந்த ஆண்களையும் பெண்களையும் வரிசையாக அழைத்துவிட்டு, “நம்மைச் சுற்றி ஒவ்வொரு நாளும் இப்படியே இறந்துகொண்டிருக்கிறார்கள்” என்று முடிக்கிறார். “பிரபுக்களே, கனவான்களே” என்பது நாடாளுமன்றத்தில் அரசுரை பயன்படுத்தும் விளி. அந்த அவையில் உட்கார்ந்து பேச்சுகளை எழுதி எடுத்த நிருபர், அரசு மக்களை நோக்கிப் பேசும் முறையையே திருப்பி, அரசை நோக்கிப் பேசுகிறார். “இறந்துவிட்டான்” என்று ஒருவனில் தொடங்கியது “இறந்துகொண்டிருக்கிறார்கள்” என்று பன்மைக்கும் நிகழ்காலத்துக்கும் நகர்கிறது. “நம்மை” என்ற சொல் எழுதியவரையும் படிப்பவரையும் குற்றக்கூண்டில் ஒன்றாக நிறுத்துகிறது. வெட்டி எடுத்தாலும் பொருள் திரியாத வரி இது. ஆனால் பகிரப்படும் டிக்கன்ஸ் பொன்மொழிகளில் இதை அரிதாகவே பார்க்க முடிகிறது. நெஞ்சை வருடாத வரியைச் சுவரில் மாட்ட யாரும் விரும்புவதில்லை.

ஒரு வரியைச் சரிபார்க்கும் முறை

டிக்கன்ஸின் நாவல்கள் அனைத்தும் காப்புரிமை நீங்கியவை. குட்டன்பர்க் திட்டம் போன்ற தளங்களில் முழுமையாகக் கிடைக்கின்றன. சந்தேகத்துக்குரிய வரியைக் கண்டால் இந்த வரிசையில் தேடலாம்.

1. வரி மூலத்தில் அதே சொற்களில் இருக்கிறதா என்று பாருங்கள். “பிறர் சுமையைக் குறைப்பவர் யாரும் இந்த உலகில் பயனற்றவர் அல்லர்” என்று பரவும் வரி, ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ நாவலில் ரோக்ஸ்மித் பெல்லாவிடம் சொல்வது. மூலத்தில் குறைக்கப்படும் சுமை, இந்த உலகம் இன்னொருவர் மீது ஏற்றும் சுமை. வாழ்வே பாரமாக இருக்கிறது என்ற அந்த நுட்பம், வழவழப்பாக்கப்பட்ட வடிவத்தில் காணாமல் போயிற்று.

2. மேற்கோள் குறிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருந்தால் பேசுபவர் யார், அவருக்கு அந்தப் பேச்சால் என்ன ஆதாயம் என்று கேளுங்கள்.

3. முன்னும் பின்னும் ஒரு பக்கம் படியுங்கள். மிக்காபரின் ஒரு ஷில்லிங் அடுத்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

4. எந்தப் பதிப்பு என்று பாருங்கள். டிக்கன்ஸே தம் வரிகளை மாற்றியிருக்கிறார். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு முதலில் அவர் எழுதிய முடிவில், பிப்பும் அவன் நேசித்த எஸ்டெல்லாவும் லண்டன் தெரு ஒன்றில் தற்செயலாகச் சந்தித்துப் பிரிகிறார்கள். சக நாவலாசிரியர் புல்வர் லிட்டன் அச்சுப்படியைப் படித்துவிட்டு மாற்றச் சொன்னதால், இடிந்துபோன பழைய வீட்டின் தோட்டத்தில் இருவரும் கைகோர்க்கும் புதிய முடிவை எழுதினார். 1861-இல் தொடராக வந்தபோது அதன் கடைசி வரி, அவளைப் பிரியாமை உறுதி என்று தோன்றும்படி, “அவளிடமிருந்து பிரிவு இல்லை என்பதன் நிழலைக் கண்டேன்” என்ற விதமாக இருந்தது. பின்னர் வந்த பதிப்பில் அதை, “அவளிடமிருந்து இன்னொரு பிரிவின் நிழலை நான் காணவில்லை” என்று திருத்தினார். அவன் காணவில்லை என்பதால் அந்த நிழல் அங்கே இல்லை என்று ஆகுமா என்பதை அந்தத் திருத்தம் சொல்லாமல் விடுகிறது. அதற்குப் பிறகு நாவலில் வரி இல்லை.